ஒன்றரைச் சுற்றுத் திருகாணி

பூபதியின் கார் தூணாகிக்கொண்டிருந்தது. இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. குடியிருப்போர் சங்கத்தின் விதி பதினான்கில் தெளிவாகவே இருக்கிறது. ஒன்பது மாதம் நகராத வண்டி கட்டடத்தைச் சேரும்.

பின்பம்பர் பிப்ரவரியிலேயே சிமெண்ட் ஆகிவிட்டது. மார்ச் இரண்டாம் வாரத்தில் பின்சக்கரங்கள் தரையோடு சேர்ந்தன. வாட்ச்மேன் கடமை தவறாதவர். சேர்ந்த இடம் வரைக்கும் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்துவிட்டார், மற்ற வண்டிகள் வந்து இடித்துவிடக் கூடாதே என்று. மேலே முதல் மாடியிலிருந்து ஒரு உத்திரம் மெல்ல இறங்கி வந்துகொண்டிருந்தது. அதற்கும் காரின் கூரைக்கும் நடுவில் இன்னும் ஒரு சாண் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வு என்று பலகையில் ஒட்டியிருந்தார்கள். ஆய்வின்போது வண்டி தன் நீளத்துக்காவது நகர வேண்டும். நகராவிட்டால் தூண். தூணுக்குக் கதவு கிடையாது.

பூபதிக்குக் கதவு வேண்டும். உள்ளே தாரணியின் பொருள்கள் மூன்று இருந்தன. பாதி குடித்த தண்ணீர் பாட்டில் ஒன்று. சாம்பல் கிண்ணத்தில் திருகாணி இல்லாத ஒற்றைத் தோடு. டேஷ்போர்டு அறைக்குள் அவள் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: பனியன் 85, சீரகம், டெட்டால். பனியன் பூபதிக்கு. அவன் கல்லூரியில் படித்த நாளிலிருந்து தொண்ணூறு அளவு. தாரணி இதை ஒரு நாளும் ஏற்றுக்கொண்டதில்லை.

அவற்றை எடுத்துக்கொண்டு மேலே போய்விடலாம்தான். போய்ப் பார்த்தான். இரண்டாம் மாடி ஏறுவதற்குள் கை காலியாகிவிட்டது. இறங்கி வந்து பார்த்தால் மூன்றும் பழைய இடத்தில் இருந்தன. தாரணி ஒரு பொருளை ஒரு இடத்தில் வைத்தால் அது அங்கேதான் இருக்க வேண்டும். அவள் இறந்த பிறகும் பொருள்கள் இதை மறக்கவில்லை. மனிதர்களை விட ஒழுங்கானவை.

அவள் ஜூன் மாதம் இறந்துபோனாள். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வியாழக்கிழமை பூபதி மட்டும் திரும்பி வந்தான். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவனுக்கு வயது முப்பத்தொன்று.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் காலம் மாற்றிவிடும் என்றார்கள். எதை என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒன்பது மாதத்தில் காலம் கியர் ஆயிலைக்கூட மாற்றியிருக்கவில்லை.

கார் அவள் பெயரில் இருந்தது. பதினைந்து வயதான ஆட்டோமேட்டிக். மூன்றாம் கை. கிளட்ச் இல்லாத வண்டிதான் வேண்டும் என்று தேடி வாங்கினாள். ஓட்டும்போது இடது கை சும்மா இருக்க வேண்டும் என்பது அவள் கொள்கை. சும்மா இருந்த அந்தக் கையில் பஜ்ஜி இருக்கும், அல்லது பூபதியின் காது இருக்கும்.

அவன் தினமும் மாலை ஐந்தரைக்கு வண்டியை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பான். சீட் அவள் அளவுக்கு முன்னால் தள்ளியிருந்தது. முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். இடித்தபடி உட்கார்ந்திருப்பான். நகர்த்தியதில்லை, சீட்டையும் வண்டியையும்.

ஆய்வுக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை, முதல்முறையாக, முன்னால் போவதற்கான டி கியரைப் போட்டான். வண்டி யோசித்தது. நெடுநேரம் யோசித்தது. பிறகு யோசிப்பதையும் விட்டுவிட்டது.

நாச்சிமுத்துவுக்குப் போன் செய்தான். மணி அவன் வண்டிக்கு அடியிலேயே அடித்தது.

நாச்சிமுத்து கணபதி பகுதியில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். பத்து வருஷமாக வண்டிகளுக்கு அடியில் குடியிருக்கிறார். எந்த வண்டி என்பது தினமும் மாறும். பூபதி குனிந்து பார்த்தான். ரப்பர் செருப்புப் போட்ட இரண்டு பாதங்கள் வெளியே தெரிந்தன.

"அண்ணா, எங்க வண்டிக்கு அடியிலயா இருக்கீங்க?"

"இந்த வாரம் இங்கதானுங்க தம்பி. காத்தோட்டமா இருக்குது."

"டி போட்டாப் போக மாட்டேங்குதுங்ணா. பின்னாடி சிமெண்ட் ஆயிருச்சு, அதனாலயா?"

"சிமெண்டெல்லாம் ஒரு காரணமுங்களா? ஆயிலு செத்துப்போச்சுங்க."

"அப்ப மாத்திக் குடுங்க."

"நான் இங்க குடியிருக்கறனுங்க. குடியிருக்கற எடத்துல தொழில் பண்றதில்லை. வேணும்னா வாய்ல சொல்றேன். மொதல்ல கம்பிய உருவிப் பாருங்க. வண்டி ஓடிட்டு இருக்கையிலயே பாக்கோணும்."

பூபதி பானட்டைத் திறந்து ஆயில் அளக்கும் கம்பியை இழுத்தான். வந்தது. மேலும் வந்தது. பின்னால் நடந்தான். ஆறாம் எண் நிறுத்துமிடம், ஐந்தாம் எண், நான்காம் எண் என்று தாண்டி கேட் வரைக்கும் போய்விட்டான். வாட்ச்மேன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். கைப்பிடியை அவரிடம் கொடுத்துவிட்டு, நுனியைப் பார்க்க பூபதி வண்டிக்குத் திரும்பி நடந்தான்.

"மொதத் தடவ காட்டறது பொய்யுங்க," என்றார் நாச்சிமுத்து. "தொடச்சு, மறுக்கா உட்டு, மறுக்கா உருவோணும்."

துடைத்தான். விட்டான். மறுபடி உருவிக்கொண்டு கேட் வரைக்கும் போனான். வாட்ச்மேன் இந்தத் தடவை கேட்காமலே கையை நீட்டினார்.

கம்பியில் மூன்று கோடுகள் இருந்தன. மேலே 'நிறைவு'. அதற்குக் கீழே 'குறைவு'. அதற்கும் கீழே 'ஜூன்'. ஆயில் ஜூனில் நின்றது. நிறம் டிகாக்ஷன். வாசனை அடிப்பிடித்த பால்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசா ஊத்திரலாமுங்களா?"

"எல்லாத்தையும் எடுக்க முடியாதுங்க தம்பி." செருப்புகள் ஒன்றை ஒன்று உரசின. "மொத்தம் ஏழு லிட்டரு. கீழ திருகி உட்டா மூணரைதான் எறங்கும். மிச்சம் கியருக்கு முன்னாடி சுத்தற கன்வர்ட்டர்க்குள்ள நிக்கும். கிரைண்டர்ல மாவ வழிச்செடுத்தாலும் கல்லுல ஒட்டிட்டு இருக்குமில்லீங்க, அந்தாட்ட."

"அதையும் எடுக்க வழி இல்லீங்களா?"

"இருக்குது. எடுக்கப்படாது. பழைய வண்டில அந்த அழுக்குதானுங்க கியரப் புடிச்சிட்டு நிக்குது. சுத்தமா எடுத்துட்டா வழுக்கிரும். அப்பறம் டி போட்டாலும் ஒண்ணுதான், கும்பிடு போட்டாலும் ஒண்ணுதான்."

வண்டியில் கை வைக்க சங்கத்தின் அனுமதி வேண்டும். செயலாளர் கிருஷ்ணவேணி அம்மாளின் அலுவலகம் லிஃப்டுக்குள் இருந்தது. அலுவலக நேரத்தில் லிஃப்ட் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் நிற்கும். யாருக்கும் பாரபட்சம் கூடாது என்பதற்காக. மனுக்கொடுக்க வருபவர்கள் முதல் மாடியில் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும்.

அம்மாள் ஒரு படிவத்தை நீட்டினார். 'தூணாகாமை வேண்டி விண்ணப்பம்.' முதல் கேள்வி பெயர். இரண்டாவது கேள்வி: இருக்கிறீர்களா? ஆம் எனில் ஆதாரம் இணைக்கவும்.

பூபதி நெடுநேரம் இரண்டாவது கேள்வியைப் பார்த்தான்.

"அத அப்பறம் எழுதிக்கலாம் கண்ணு," என்றார் அம்மாள். "வண்டிக்கு என்ன பண்ணப் போறே?"

"ஆயில் மாத்தணுங்கம்மா."

"எண்ணெய் வெக்கறதா? வண்டி ஆம்பளையா, பொம்பளையா?"

"வண்டிங்கம்மா."

"எண்ணெய்க்குக் கெழமை இருக்குதில்ல. பொம்பளைக்குச் செவ்வா, வெள்ளி. ஆம்பளைக்குப் புதன், சனி. ஆர்சி யாரு பேர்ல இருக்குது?"

"தாரணி பேர்ல."

"மாத்தலையா?"

"மாத்தற பாரத்துல அவ கையெழுத்து கேக்கறாங்க."

"கேக்கத்தான செய்வாங்க. அப்ப வெள்ளிக்கெழமை."

"தாரணி இப்ப இல்லீங்கம்மா."

"அது வண்டிக்குத் தெரியுமா?"

தெரியாது என்றுதான் பூபதி நினைத்தான். யாரும் அதனிடம் சொல்லியிருக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள்கூட அதைத் தாண்டித்தான் படியேறினார்கள்.

"எண்ணெய் வெச்ச அன்னிக்குப் பகல்ல தூங்கப்படாது," என்றார் அம்மாள், முத்திரையை மையில் ஒற்றியபடி. "ஸ்டார்ட் பண்ணுனா பொழுது சாயற வரைக்கும் ஓடிட்டே இருக்கோணும். அப்பறம் இன்னொண்ணு. கெழமை மாத்தி வெச்சுறாத. சனிக்கெழமை வெச்சீன்னா, திருகறது வண்டிலயா இருந்தாலும் எறங்கறது உன் எண்ணெயாத்தான் இருக்கும். அதுக்குச் சங்கம் பொறுப்பில்லை."

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு உக்கடத்தில் ஒரு உதிரிபாகக் கடைக்குள் நுழைந்தான். வெளியே இருந்து பார்த்தால் பத்தடிக் கடை. உள்ளே கவுண்டர் தெரிந்தது. கவுண்டரை நோக்கி நடந்தான்.

பன்னிரண்டு மணிக்கு பிரேக் பகுதியில் இருந்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சீட் கவர்களைக் கடந்தான். மூன்று மணியிலிருந்து நான்கரை வரைக்கும் பக்கவாட்டுக் கண்ணாடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பூபதி கவுண்டரை நோக்கி நடந்துகொண்டிருந்தான். அவர்களில் சிலர் அவனை விட முன்னால் இருந்தார்கள்.

கவுண்டரை அடைந்தபோது மணி ஆறு பத்து. கடைக்காரர் சாமி படத்துக்கு முன்னால் தீக்குச்சியை அணைத்துக்கொண்டிருந்தார்.

"ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் வேணுங்க. சிவப்பு."

"வெளக்கு வெச்சாச்சுங்களே. வெளக்கு வெச்ச பொறவு எண்ணெய் வெளிய குடுக்கறதில்லை."

"இது தலைக்குத் தேய்க்கறது இல்லீங்க. கியருக்கு."

"அது எங்க தேய்ச்சா எனக்கென்னங்க. எண்ணெய்னா எண்ணெய்."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை. இன்னைக்கே ஊத்தணும்."

"வெள்ளிக்கெழமை வேறயா," என்றார் கடைக்காரர். "அப்ப சுத்தமாக் குடுக்க முடியாது."

வாசலுக்குத் திரும்பி வர ஒன்பது காலடிதான் ஆனது.

சனிக்கிழமை காலை போனபோது கடைக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். கேனைப் பூபதியின் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார்.

"கையில குடுத்தா சண்டை வந்துருங்க."

"யாருக்கும் யாருக்கும்?"

"அதெல்லாம் நான் கேட்டு வெக்கலீங்க. எடுத்துக்கங்க."

சனிக்கிழமை என்பது பூபதிக்குத் தெரியும். மறுநாள் ஆய்வு என்பதும் தெரியும். உத்திரம் காரின் கூரைக்கு நான்கு விரல் உயரத்தில் இருந்தது. தன்னிடமிருந்து எதுவோ இறங்கும் என்று அம்மாள் சொன்னது அவனை அவ்வளவாகப் பயமுறுத்தவில்லை. தன்னிடம் இறங்குவதற்கு ஒன்றும் இருப்பதாக அவன் நினைக்கவில்லை.

வண்டியை ஓடவிட்டுச் சூடாக்கினான். நிறுத்தினான். ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, இரும்புத் தாங்கிகளில் நிறுத்தினான். பின்சக்கரங்கள் உருளாமல் இருக்கக் கல் வைக்க வேண்டும் என்பார்கள். தேவைப்படவில்லை. அவை கட்டடத்தின் பகுதி. தாரணி துணி ஊறவைக்கும் ரோஸ் நிற பேசினை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தான்.

பாதங்களுக்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்து முழுசாக இருந்தார். தலையணை வைத்திருந்தார். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. ஒறம்பரைன்னு யாராச்சும் வந்தா எடம் பத்தாது. ஒருக்களிச்சுப் படுங்க. பதினேழு ஸ்பேனரப் போட்டு எடப்பக்கமாத் திருகுங்க."

"யாரோட இடப்பக்கம்ங்ணா?"

"இன்னைக்குச் சனிக்கெழமை. உங்களுது."

அடித்துளையை மூடியிருந்த டிரெயின் போல்ட் சட்டென்று இளகி பேசினுக்குள் விழுந்தது. முதலில் நூலாக, பிறகு விரல் கனத்துக்கு ஆயில் கொட்டியது. கறுப்பாக, சூடாக. அதே நேரம் பூபதியின் இடது முழங்காலில் எதுவோ தளர்ந்தது.

அம்மாள் சொன்னது சரிதான். இறங்கியது அவனுடையது.

முதல் அரை லிட்டரில் துக்கம் கேட்க வந்தவர்கள் போனார்கள். காலம் மாற்றிவிடும் என்றபடியே போனார்கள். ஒருவர் மட்டும் பேசினின் விளிம்பில் நின்று, சின்ன வயசுதானே, இன்னொரு கல்யாணம் செய்தால் என்ன என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்து ஆஸ்பத்திரித் தாழ்வாரம் இறங்கியது. நீளமான தாழ்வாரம், அதனால் வெகுநேரம் ஒழுகியது. அதோடு டோக்கன் எண் நாற்பத்தாறு. அதன் பின்னால் முகக்கவசத்தை இறக்காமலே பேசிய ஒரு டாக்டர். அவர் போனதும் சைரன் வைக்காத ஒரு வண்டி. வைக்க வேண்டிய அவசியம் இல்லை என்று அதன் டிரைவர் சொன்ன வாக்கியம் தனியாக, ஒரு குமிழியாக வந்தது.

பூபதி படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். வருத்தமாக இல்லை. காலித் தகர டப்பாவுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

கிருஷ்ணவேணி அம்மாள் லிஃப்டிலிருந்து இறங்கி வந்து, பேசினுக்குள் ஒரு மரஸ்கேலை விட்டுப் பார்த்தார்.

"மூணரை ஆயிருச்சு. நான் சொன்னேன் கேக்கலை. போல்ட்ட எடுத்து மூடு."

பூபதி ஆயிலுக்குள் கையை விட்டுத் துழாவினான். போல்ட் கிடைத்தது. அதன் நுனியில் காந்தம். உள்ளே தேய்ந்து உதிரும் இரும்புத் தூளைப் பிடிப்பதற்காக வைத்திருப்பார்கள். சாம்பல் நிறத் தூள் மயிர் போல ஒட்டியிருந்தது. தூளுக்கு நடுவில் மஞ்சளாக ஒன்று.

துடைத்துப் பார்த்தான். தாரணியின் தோட்டுத் திருகாணி.

தங்கம் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டியிருந்தது.

போன வருஷம் ஏப்ரலில் அது காணாமல் போனது. இரண்டு நாள் தேடினாள். கட்டிலை நகர்த்தினாள். குளியலறைச் சாக்கடை மூடியைக் கழற்றினாள். "நீங்கதான் கூட்டித் தள்ளீட்டீங்க," என்றாள். பூபதி சாமி படத்தின்மேல் சத்தியம் செய்தான். "சத்தியம் பண்ணா திருகாணி வந்துருமா?" என்று கேட்டுவிட்டு, வண்டி ஓட்டும்போது தோட்டைக் கழற்றிச் சாம்பல் கிண்ணத்தில் போட்டாள். கிடைக்கட்டும், அதுவரைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்றாள்.

அவன் கூட்டித் தள்ளவில்லை. ஆனால் இத்தனை நாளும் அவனிடம்தான் இருந்திருக்கிறது. ஒரு வாதத்திலும் தாரணி தோற்றதாக அவனுக்கு நினைவில்லை. இதிலும் தோற்கவில்லை.

திருகாணியைச் சட்டையில் தேய்ப்பதற்காக போல்ட்டைத் தரையில் வைத்தான். அம்மாள் குனிந்து அதை எடுத்துக்கொண்டார்.

"அம்மா, அது வண்டிது."

"தரையில கெடக்கற இரும்பு சங்கத்தைச் சேரும். விதி இருபத்திரண்டு." போல்ட்டின்மேல் முத்திரை குத்திக்கொண்டு லிஃப்டுக்குள் ஏறிவிட்டார்.

துளையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. இப்போது சொட்டியது வேறு. நிறம் தெளிந்திருந்தது. ஒரு சொட்டு விழுந்தது. மிளகாய் பஜ்ஜி வாசனை. அடுத்த சொட்டு. அவன் காதை யாரோ பிடித்து, விட்டார்கள். அடுத்த சொட்டு விளிம்பில் திரண்டது. அதற்குள் ஒரு குரல் 'ஏனுங்க' என்று ஆரம்பித்துக்கொண்டிருந்தது.

பூபதி கட்டைவிரலால் துளையை அடைத்தான். விரல் சுட்டது. எடுக்கவில்லை.

"அண்ணா, மூணரைக்கு மேல எறங்காதுன்னீங்க."

நாச்சிமுத்து செய்தித்தாளைத் திருப்பினார். "வண்டிக்குச் சொன்னனுங்க. மனுசனுக்குக் கணக்கு தெரியாது. அடைக்காம உட்டா எல்லாம் எறங்கிரும். திருகாணியப் போட்டு இறுக்குங்க."

அவர் சொன்னது போல்ட்டை. அந்தக் காலத்து ஆள், திருகி மாட்டும் எல்லாமே அவருக்குத் திருகாணிதான். பூபதியின் கையில் இருந்ததும் திருகாணிதான். விரலை எடுத்துவிட்டு அதைத் துளையில் வைத்தான்.

பொருந்தியது. மரை மரையோடு சேர்ந்தது.

எவ்வளவு திருக வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு கல்யாண வீட்டுக்குப் புறப்படும்போதும் கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சாய்த்துக் காதைக் காட்டுவாள். ஒன்றரைச் சுற்று. அதற்கு மேல் திருகினால் காது வலிக்கும், குறைத்தால் விழுந்துவிடும்.

ஒன்றரைச் சுற்று திருகினான். சொட்டுவது நின்றது.

நாச்சிமுத்து தாளை இறக்கிவிட்டுப் பார்த்தார். "தம்பி, நான் போல்ட்டச் சொன்னேன்."

"திருகாணின்னீங்க. போட்டுட்டேன்."

"பேரு ஒண்ணா இருந்தாப் போதுமுங்களா?"

இருவரும் துளையைப் பார்த்தார்கள். வெகுநேரம் பார்த்தார்கள். ஒரு சொட்டும் இல்லை.

"போதுமாட்டத்தான் இருக்குது," என்றார் நாச்சிமுத்து. ஏதோ ஒரு விஷயத்தில் ஏமாற்றப்பட்டவர் போல மறுபடி தாளை விரித்துக்கொண்டார்.

சாம்பல் கிண்ணத்துத் தோட்டுக்கு இனிமேல் திருகாணி கிடையாது. பூபதி அதை யோசித்தான். தோட்டுக்குக் காதும்தான் கிடையாது. அவள் ஒரு பொருளை ஓர் இடத்தில் வைத்தால் அங்கேயே இருக்கும். இந்தத் தடவை இடத்தை அவன் தேர்ந்தெடுத்தான். அவ்வளவுதான்.

புது ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தது. கம்பி இருந்த குழாயில் புனல் வைத்து, இறங்கிய அளவுக்கே ஊற்றினான். ஊற்ற ஊற்ற முழங்காலில் குளிர்ச்சியாக ஏறியது.

"பழசு மிச்சம் இருக்குமில்லீங்ணா, உள்ள?"

"இருக்கும். சுத்திட்டே இருக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

"ஓடற வரைக்குமுங்க. புதுசோட கலந்துதான் ஓடும். கலந்தாத்தான் ஓடும்."

வண்டியை இறக்கி ஸ்டார்ட் செய்தான். பொழுது சாயும்வரை நிறுத்தவில்லை. அவனும் தூங்கவில்லை. பகலில் தூங்கக் கூடாது என்ற விதியை ஒன்பது மாதமாகவே, இரவையும் சேர்த்து, கடைப்பிடித்து வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கிருஷ்ணவேணி அம்மாள் வந்தார். போல்ட்டைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். காரின் கதவை விரலால் தட்டிப் பார்த்தார். பின்பக்கத்தைத் தட்டினார். சத்தம் திருப்தியாக இருந்தது போலும்.

"பாதிக்கு மேல தூண்தான் கண்ணு. எதுக்கு வீம்பு. நல்ல எடத்துல நிக்குது. கட்டடத்துக்கும் ஒரு தாங்கல் ஆச்சு."

"ஒரு தடவை பாத்தர்றேனுங்கம்மா."

உட்கார்ந்தான். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டு ஒவ்வொரு கியராகப் போட்டு மூன்று எண்ண வேண்டும் என்று நாச்சிமுத்து சொல்லியிருந்தார். ரிவர்ஸுக்கு ஆர் போட்டான். கட்டடம் ஓரடி பின்னால் போனது. மூன்றாம் மாடியில் யாரோ குக்கரைத் திட்டினார்கள். நியூட்ரலுக்கு என் போட்டான். ஒன்பது மாதமாகப் பழகிய இடம், அங்கே மூன்றுக்கு மேலேயே எண்ணினான். பிறகு டி.

வண்டி யோசித்தது.

உத்திரம் கூரையைத் தொட்டது. தகரம் கிணுக்கென்றது. பூபதி பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டுக் காத்திருந்தான். கீழே எங்கேயோ மூன்றரை லிட்டர் பழசும் மூன்றரை லிட்டர் புதுசும் ஒன்றை ஒன்று விசாரித்துக்கொண்டிருந்தன. நீ யார், எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறாய் என்பது மாதிரி.

டொக் என்று ஒரு சத்தம். அவன் மார்புக்குள்ளா வண்டிக்குள்ளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பின்சக்கரங்களைச் சுற்றியிருந்த சிமெண்ட் முறுக்கு மாதிரி உடைந்தது. வண்டி முன்னால் போனது. தன் நீளத்துக்குப் போனது. பிறகு இன்னொரு நீளத்துக்கும் போனது. பின்னால் தரையில் நாச்சிமுத்து தலையணையோடு வெட்டவெளியில் படுத்திருந்தார்.

"வெயிலு மூஞ்சில அடிக்குதுங்க," என்றார். செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டு ஆறாம் எண் வண்டிக்கு அடியில் உருண்டு போனார்.

உத்திரம் அந்தரத்தில் நின்றுவிட்டது. கீழே தூண் இல்லாத உத்திரத்தைப் பற்றி விதி எதுவும் இருக்கவில்லை. அம்மாள் அதைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு கார் ஜன்னல் வழியாகச் சான்றிதழைக் கொடுத்தார்.

'பூபதி. தூண் அல்ல. ஓராண்டு செல்லும்.'

"வண்டிக்குத்தானுங்கம்மா சான்றிதழ் கேட்டேன்."

"சனிக்கெழமை எண்ணெய் யாருக்கு எறங்குச்சோ அவங்களுக்குத்தான் குடுக்க முடியும். உன்ற விண்ணப்பத்துல ரெண்டாவது கேள்வி காலியா இருந்துச்சில்ல. இத இணைச்சுக்க."

கேட்டைத் தாண்டியதும் வண்டி இடப்பக்கம் திரும்பியது. பூபதி திருப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான், அவ்வளவுதான். வண்டிக்குத் தாரணி போகும் வழிகள்தான் தெரியும். அவள் எப்போதும் பிரேக் போடும் இடங்களில் பிரேக் போட்டது. பஜ்ஜிக் கடையைத் தாண்டும்போது கொஞ்சம் மெதுவாகிப் பிறகு போனது. ஓர் உள்ளாடைக் கடை முன்னால் நின்றது.

பூபதி டேஷ்போர்டு அறையிலிருந்த துண்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு இறங்கினான். எஞ்சினை நிறுத்தவில்லை. குனிந்து அடியில் பார்த்தான். தரை காய்ந்து கிடந்தது.

கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"பனியனுங்க. எண்பத்தஞ்சு."

"உங்களுக்குங்களா? உங்களுக்குத் தொண்ணூறு வேணுமுங்க. பாத்தாலே தெரியுது."

"எண்பத்தஞ்சு குடுங்க."

"மூச்சு முட்டுமுங்க."

"முட்டட்டும்."

அங்கேயே சட்டையைக் கழற்றிப் போட்டுப் பார்த்தான். அக்குளில் பிடித்தது. மார்பில் இறுக்கியது. மூச்சை இழுத்தால் பாதியில் நின்றது. எப்போதும் அங்கேதான் நிற்கும்.

"கழட்டிக் குடுங்க, பெரிசு தர்றேன்," என்றார் கடைக்காரர்.

"அளவு சரியாத்தான் இருக்குது."

அதன்மேல் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து வண்டியில் உட்கார்ந்தான். துண்டுச் சீட்டை ஸ்டியரிங்கின்மேல் விரித்து வைத்தான். டி போட்டான். வண்டி இந்தத் தடவை யோசிக்கவில்லை. அடுத்தது சீரகம்.